தொண்ணூற்றிரண்டு வீதம் குரங்கு

மஹய்யாவ, கண்டி.
செவ்வாய் இரவு.

கண்ணியமிக்க பஹ்மி சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் நானும் சுகம். ஜெனீவாக் குளிரில் உங்கள் மூட்டுவலி குறைய துஆச் செய்கிறோம். முன்வீட்டுத் திருச்செல்வம் அங்கிளின் இடது காது மட்டும் சுகமில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அலுமாரிக்குப் பின்னால் டோர்ச் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாளை பின்னேரம் எனக்கு விசாரணை.

சாச்சா, ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் மாநாட்டில் தண்ணீர்ப் போத்தல் வைப்பது உங்கள் வேலை. தானாகச் சுடும் ஆயுதங்களைப் பற்றி அங்கே வருடக்கணக்காகப் பேசுகிறார்கள், பொத்தானில் ஒரு மனிதரின் கை இருக்க வேண்டும் என்கிறார்கள், எந்த மனிதர் என்பதில்தான் இழுபறி என்று போனில் சொன்னீர்கள். எங்கள் லேனில் அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அந்த மனிதர் நான்தான்.

பெருநாளுக்குப் பிறகு குரங்குத் தொல்லை தாங்க முடியாமல் வாப்பா, கடையில் மீந்த சிசிடிவி கமராவையும் பிவிசி குழாயையும் காற்றுப் பம்பையும் சேர்த்து மேல்மாடியில் ஒரு மெஷின் பூட்டினார். குரங்கைக் கண்டால் அது தானாகவே திரும்பிக் காய்ந்த கொட்டைப்பாக்கால் அடிக்கும். எங்கள் குரங்குகள் நஸீப் மாமாவின் ரம்புட்டான் மரத்துக்குப் போயின, அவரும் ஒன்று வாங்கினார், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போயின, அவர்களும் வாங்கினார்கள். குரங்கு ஒன்றும் குறையவில்லை, வாப்பாவின் வியாபாரம்தான் கூடியது. "பாதுகாப்புக்கு மட்டுந்தான்" என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்கினார்கள், ஆனால் எல்லாக் குழாய்களும் அடுத்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

உம்மா சத்தம் போட்டதால் மரண உதவிச் சங்கம் கூடியது. மையித்து வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் கதிரை கொடுக்கிற சங்கம்தான், ஆனால் லேனில் ரப்பர் சீல் இருப்பது அதனிடம் மட்டுமே. முழு மெஷினை இனி யாரும் யாருக்கும் விற்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். முதலில் கைதூக்கியவர் வாப்பா. அதற்குப் பிறகு அவர் திங்களன்று குழாய், செவ்வாயன்று கமரா, புதனன்று பம்ப் என்று கொடுக்கிறார். கேட்டால், "இது மெஷின் இல்ல மகள், சாமான்" என்கிறார். மரம் அதிகமுள்ள ஐந்து வீடுகளில் ஒரு வீடு வேண்டாம் என்றாலும் எந்தத் தீர்மானமும் செல்லாதாம். ஐந்து வீட்டிலும் மெஷின் இருக்கிறது. கடைசியில், ஒரு மனிதர் பொத்தானை அழுத்தினால் மட்டுமே மெஷின் அடிக்கலாம் என்று சொல்லி, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பொறுப்பான மனிதரின் பெயர் கேட்டபோது வாப்பா, "நப்லா பள்ளிக்கூடம் போற புள்ள, எழுத வாசிக்கத் தெரியும்" என்று என் பெயரைக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பகலில் வீட்டில் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. "காலையிலேயே பொத்தான அமத்திட்டுப் போங்க மகள், அந்தி வரைக்கும் அது போதும்" என்றார் வாப்பா.

நேற்று நாலரை மணிக்கு நான் கட்டுகஸ்தோட்டையில் கணித டியூஷனில் இருந்தேன். திருச்செல்வம் அங்கிள், மாநகரசபையில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர், சங்கத் தலைவரும் அவர்தான், குரங்கு நகர்த்திய தகட்டைச் சரிசெய்ய வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு கூரையில் கையும் காலும் ஊன்றி ஏறியிருக்கிறார். எங்கள் மெஷினிலிருந்து மூன்று பாக்கு, ஒன்று காதில். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் காதில் ஈரத்துணியோடு எங்கள் வாசலில் நின்று வாப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ரிஸ்மி, உன் மெஷின் என்னைக் குரங்குன்னு முடிவு பண்ணிருச்சு!"

"மெஷின் முடிவு எடுக்கிற இல்ல ஐயா, மனிசர்தான் எடுக்கிற. பேப்பர்ல எழுதி ஈக்கி, நீங்கதானே சீல் அடிச்ச" என்றார் வாப்பா.

"எந்த மனுஷன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ள அந்நேரம் கிளாஸ்லதானே இருந்திச்சு?" என்று அவர் மனைவி ரத்தினம்மா அன்ட்டி கேட்டார்.

"காலையில அமத்திட்டுத்தான் போன" என்று வாப்பா, அதற்குப் பிறகு மெஷின் ஒழுங்காகத்தான் பார்த்து அடித்தது என்பதற்கு ஆதாரமாகக் கமராப் பதிவைக் காட்டினார். அது பெரிய பிழை. அங்கிளின் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம், கீழே 'குரங்கு, 92 வீதம்'. அங்கிள் காதை மறந்துவிட்டார். "பக்கத்துல நிக்கிற நெசக் குரங்குக்கு எத்தனை?"

"அறுபத்தொண்டு" என்றார் வாப்பா மெதுவாக.

"மெஷினைக் கொறை சொல்லாதீங்க. முப்பது வருஷமா நான் சொல்றதைத்தானே அதுவும் சொல்லுது" என்றார் ரத்தினம்மா அன்ட்டி. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினார். அங்கிள் சிரிக்கவில்லை. புதன் பின்னேரம் சங்கத்தில் விசாரித்து, என் பெயரை அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, என் பள்ளிக்கூட அதிபருக்குப் பிரதி அனுப்பப்போவதாகச் சொன்னார். பிறகு என்னிடம், "கண்ணு போயிருந்தா நீயா பொறுப்பு, சொல்லு" என்று கேட்டார். காதிலிருந்து கண்ணுக்கு நாலு விரல் தூரம்தான், சாச்சா. அளந்து பார்த்தேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை மாநாட்டுத் தலைவரின் கிளாசுக்கு அடியில் வையுங்கள். பெரிய உதவி வேண்டாம். அந்த இடத்திலேயே இல்லாத மனிதர் பொறுப்பான மனிதர் ஆக மாட்டார் என்று ஒரே ஒரு வரி, சீலோடு, நாளை பின்னேரத்துக்குள் வேண்டும். அங்கே நேரம் எங்களுக்குப் பின்னால்தானே, ஆகவே உங்களுக்குச் சில மணித்தியாலம் கூடவே கிடைக்கும். காலையில் உம்மாவின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உங்கள் உடம்புக்கும், நீங்கள் தண்ணீர் ஊற்றுகிற அத்தனை பேரின் தொண்டைக்கும் அல்லாஹ் சுகம் தரட்டும்.

நடுங்கிக்கொண்டே ஸலாம் கூறும்,
நப்லா

பி.கு. இதை வியாழன் காலை பள்ளிக்கூடத்தில் எழுதுகிறேன். உம்மாவின் போன் கிடைக்காததால் கடிதம் இன்னும் என் பையில்தான். இனித் தலைவருக்குக் காட்ட வேண்டாம். விசாரணைக்கு முன்பே வாப்பா அங்கிளின் படங்களை மெஷினுக்குக் காட்டி அவரை நாலு வீதத்துக்கு இறக்கிவிட்டார். அங்கிளுக்கு அவ்வளவு சந்தோஷம், தனக்கும் ஒன்று கேட்டிருக்கிறார், சாமானாக. யாரிலும் பிழையில்லை என்று பதிந்தார்கள். லேனில் உள்ள ஏழு மெஷினுக்கும் அனுபவமுள்ள ஒரே மனிதர் போதும் என்றும் தீர்மானித்தார்கள், ஐந்து மர வீடுகளும் உடனேயே ஒத்துப்போயின. இன்று காலை ஏழு பொத்தானையும் அழுத்திவிட்டு வந்தேன். அங்கிளை இறக்கியபோது மற்றவர்கள் எத்தனை வீதத்துக்கு ஏறினார்கள் என்று வாப்பாவுக்குத் தெரியாதாம். உம்மா உடுப்புக் காயப்போட மேல்மாடிக்கு ஏறுவது பத்து மணிக்கு. அந்நேரம் எனக்குக் கணிதப் பாடம்.