ஆறுதல்காரரும் ஒரு ‘அந்தந்த’வும்

முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஈரமான, அடக்கிக்கொண்ட, மூக்கோடு சேர்ந்த சத்தம். உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த சட்ட வரைவாளரின் நெஞ்சு உருகிவிட்டது. ஒரு பெண் அழுகிறாள். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கைக்குட்டையோடு ஓடினார்.

“அவங்க அழலைங்க, தும்மினாங்க. எல்லாம் உங்க ஃபைல் தூசி,” என்றாள் மனைவி. உருகிய நெஞ்சு அவ்வளவு சுலபத்தில் உறையுமா?

வாசகரே, இவர்தான் ஆறுதல்காரர். நம்மிடையே ஏராளமாக வாழும் இனம். யாருக்கோ கஷ்டம் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தால் போதும், தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, எதிரே இருப்பவரின் கதையை முதல் வரியிலேயே பிடுங்கி, மீதியைத் தாமே சொல்லி முடித்து, அதற்குத் தாமே அழுதும் விடுவார். கேட்பது மட்டும் கிடையாது. கேட்டால் சோகம் குறைந்துவிடுமே.

வந்தவள் ராணுவக் குடும்பங்களுக்கான மனநல ஆலோசகர், கணவனும் ராணுவம்தான். அவனுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் இவளுடைய தொழில் உரிமம் செல்லாமல் போகும். புது மாகாணத்தில் மறுபடி தேர்வெழுதி அது கைக்கு வருவதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். இப்போது போகப்போகிற முகாமிலோ ஆலோசகரே இல்லை. போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்கிறார்கள். அங்கே போய் இவள் சும்மா இருக்க வேண்டும். இதை மாற்றக்கூடிய மசோதா வரைவாளரின் மேசைமேல்தான் கிடந்தது. சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

“ஒரே ஒரு வார்த்தை சார். ‘உரிமம் அந்தந்த மாகாணத்தில் செல்லும்’னு இருக்கு. அதை ‘எந்த மாகாணத்திலும்’னு மாத்தினீங்கன்னா…”

“எந்த மாகாணம் போனா என்னம்மா, தனிமை தனிமைதானே.” குரல் உடைந்தது. அவருடைய குரல்தான்.

தனிமை இல்லை, வேலைதான் இல்லை என்று அவள் விளக்கினாள். அந்த வைராக்கியம் அவரை இன்னும் கலக்கியது. ரயிலடியில் கையசைக்கும் மனைவி, அப்பாவின் கடிதத்தை முத்தமிடும் குழந்தை என்று கண்ணால் கண்டதுபோல் அடுக்கினார். (எழுதுகிற நமக்கும் இந்த நோய் உண்டு, ரயிலடி இல்லாமல் ராணுவக் கதையே ஓடாது.)

“எனக்குக் குழந்தை இல்லை சார்.”

“ஐயோ, அது வேறயா.”

கடைசியில் அவள் தன் தொழிலையே செய்ய வேண்டியதாயிற்று. நாற்காலியை அருகே இழுத்துப்போட்டு, தண்ணீர் கொடுத்து, எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவர் பால்யத்திலிருந்து தொடங்கினார்.

அலுவலக வண்டி வாசலில் ஒலியெழுப்பியது. அவர் திடுக்கிட்டுப் பேனாவை எடுத்தார். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அவர் மசோதாவின் முகவுரையைப் புரட்டி, ‘கண்ணீர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தியாக’ என்று சேர்த்து, “உனக்காகத்தாம்மா,” என்றார். ஓட்டுநர் வந்து மசோதாவை வாங்கிக்கொண்டு போனார். ‘அந்தந்த’ அந்த இடத்திலேயே இருந்தது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பேன் சார். அதுக்குள்ள நான் உரிமம் இல்லாத ஊருக்குப் போயிடுவேன்.”

படியிறங்கிப் போனாள். ‘பாவம்’ என்று நீங்கள் விட்ட பெருமூச்சு இங்கே கேட்டது, வாசகரே. விட்டதும் மனசு லேசானதல்லவா? அவளுக்கு ஆகவில்லை. பெருமூச்சோடு நாமும் ஆறுதல்காரர் பக்கத்திலேயே நிற்கிறோம், கதவு சாத்தியாயிற்று.