ஹெரால்டுக்கு மூன்றாவது விளக்கு

"மிதி."

"மிதிச்சிகினுதான் கீறேன்."

"நல்லா மிதி."

"இதுக்கு மேல மிதிச்சா காலு தரைக்குப் பூடும்" என்றாள் ஓட்டுநர் இருக்கையில் இருந்த செங்கமலம்.

கோதண்டராமன் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். கீழே இரண்டு ஓரத்திலும் பழைய பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. பின்கண்ணாடிக்கு நடுவே அந்த ஞாயிறு காலை அவர் பொருத்திய மூன்றாவது விளக்கு மட்டும் எரியவில்லை.

"ஒயர்லதான் கோளாறு" என்றார்.

"லைட்டுல இருந்தா?"

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருட இல்லறமே ஆட்டம் கண்டது. விளக்கின் முதுகில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. அதில் பச்சை மையில் ஒரே எழுத்து: கோ.

"இதுல என் கையெழுத்து கீது" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

ஒரகடத்தில் வாகன விளக்குகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கோதண்டராமன் கடைசிப் பரிசோதனையில் இருந்தார். இருபத்திரண்டு வருடம். மற்ற பரிசோதகர்கள் நம்பர் முத்திரை குத்துவார்கள். இவர் மட்டும் பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போடுவார், ஒரு நாளைக்கு நானூறு கோ. அந்தக் கோ போட்ட விளக்கு ஒன்றுகூட இதுவரை பழுது என்று திரும்பி வந்ததில்லை. அவர் சட்டைப் பைகள் எல்லாவற்றிலும் பச்சையாக ஒரு கறை இருக்கும். முதன்முதலில் கோ போட்ட பேனா இன்னும் வீட்டில் இருக்கிறது, மைதான் காய்ந்துவிட்டது.

வீட்டிலும் அவர் பரிசோதகர்தான். தோசையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, துளைகள் சீராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தட்டில் போட்டுக்கொள்வார். "அதுலயும் ஒரு கோ போட்டுடுங்க" என்பாள் செங்கமலம்.

வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவர் கடைசி நாளன்று மனைவியோடு தன் சொந்த வண்டியில் உள்ளே வந்து, உற்பத்தி லைன் முடிகிற இடத்தில் நிறுத்தலாம். ஷிப்ட் மொத்தமும் வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பும். சைக்கிளில் வந்து கைதட்டு வாங்கியவர்களும் உண்டு. கோதண்டராமனிடம் இருந்ததோ அறுபத்தேழாம் வருடத்து ஹெரால்டு கார். படப்பையில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை வாங்கி வந்து, பன்னிரண்டு வருடம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து ஓட வைத்திருந்தார். மெட்ராஸில் செய்த கார் என்று தன் ஊரான சேரப்பணஞ்சேரியில் அவர் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. அந்தக் காரில் செங்கமலத்தை முன்சீட்டில் உட்கார வைத்து அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே அவர் பன்னிரண்டு வருடமும் ஸ்பானர் பிடித்ததாக நினைக்க இடமுண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் பாதுகாப்பு அதிகாரி ஜனார்தன் சுற்றறிக்கை விட்டார். பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு எரியாத கார் எதற்கும் இனி வளாகத்துக்குள் அனுமதி இல்லை. விளக்குச் செய்கிற கம்பெனிக்குள்ளேயே விளக்கு இல்லாத வண்டியா என்பது அவர் வாதம். கோதண்டராமனால் அதை மறுக்க முடியவில்லை. ரொம்பச் சரியான விதி என்று வீட்டில் வந்து பாராட்டினார். மறுநாளே மண்ணூர் கூட்டு ரோட்டில் இருக்கும் எல்லப்பனின் உதிரிபாகக் கடைக்குப் போனார். எல்லப்பன் ஒரு பெட்டியைப் பிரித்து, "உங்க கம்பெனி சரக்கே கீது சார்" என்று நீட்டினான். ஸ்டிக்கரில் தன் எழுத்தைப் பார்த்ததும் கோதண்டராமன் வேறெதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் பிரேக் சுவிட்சிலிருந்து புது ஒயர் இழுத்தார். மூன்றாவது விளக்கு எரியவில்லை. அதுவரை எரிந்துகொண்டிருந்த பழைய இரண்டும் அணைந்துவிட்டன.

"இப்ப மூணும் ஒரே மாதிரி கீது" என்றாள் செங்கமலம்.

மகள் கவிப்பிரியா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலையில் இருந்தாள். அப்பா ஒயரில் கை வைக்கும் முன்பே எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். "லைட்ட ஒரு தடவ தனியா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

"டெஸ்ட் பண்ணதுதான். நான் பண்ணது."

செவ்வாய்க்கிழமை எல்லப்பனையே வீட்டுக்கு வரவழைத்தார். அவன் விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதன் மேல் சந்தேகமே வேண்டாம், உங்கள் கையெழுத்துக்கு மேல் என்ன கியாரண்டி என்று சொல்லிவிட்டு, பியூஸ் பெட்டிக்குள் தலையை விட்டான். ஒரு மணி நேரத்தில் பழைய விளக்குகள் இரண்டும் உயிர் பெற்றன. ஆனால் ஹாரனை அழுத்தினால்தான் எரிந்தன. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

ஓடினால் சரியாகிவிடும் என்றான் எல்லப்பன். கோதண்டராமன் ஒரகடம் ரோடு வரை ஓட்டிப் பார்த்தார். சிக்னலில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக் மிதித்து நின்றார். ஹாரன் நிற்கவே இல்லை. லாரி டிரைவர் இறங்கி வந்தார்.

"செவப்பு கீதுன்னு தெரியில? இன்னாத்துக்கு இந்த அடி அடிக்கிற?"

"நான் அடிக்கலப்பா. நிறுத்திகினு கீறேன்."

டிரைவர் காரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். காலை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் ஹாரன் நின்றது. கார் மெல்ல உருண்டு போய் லாரியின் பம்பரை முத்தமிட்டது. நல்லவேளையாக லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

புதன்கிழமை எல்லப்பன் புதுக் கண்டுபிடிப்போடு வந்தான். இந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையைப் பாடியோடு சேர்த்திருப்பார்கள். இந்தப் பழைய வண்டியில் பிளஸ் முனை சேர்ந்திருக்கிறது. எல்இடி விளக்குக்கு இது ஒத்து வராது. பேட்டரியைத் திருப்பிப் போட்டால் போதும் என்றான். திருப்பினார்கள். விளக்கு எரியவில்லை. டேஷ்போர்டு ரேடியோவிலிருந்து நூல் போலப் புகை எழும்பியது.

"ஊதுபத்தி யாரு ஏத்துனது?" என்றாள் செங்கமலம், வாசலிலிருந்து.

அன்று தொழிற்சாலையில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் மீனம்மாள்தான். மண்ணூரிலிருந்து ஒப்பந்த பஸ்ஸில் வந்து லைனுக்கு டீ ஊற்றுகிறவள். கோ போடும் மேஜைப் பக்கம் வந்தால் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்குத் துணிந்து கேட்டாள். "சார், நீங்க கொம்பு முதல்ல போடுவீங்களா, காலு முதல்ல போடுவீங்களா?"

இருபத்திரண்டு வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவள். கோதண்டராமனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கொம்பில் தொடங்கி, பேனாவை எடுக்காமல், ஒரே இழுப்பில் காலில் வந்து முடிக்க வேண்டும் என்று மூன்று முறை போட்டுக் காட்டினார். அவள் டீ ஆறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்து, "ஓ, அதான் எனக்குக் கோணிகினு போவுதா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனாள். இவருக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. தான் போட்ட எழுத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கவிப்பிரியா லீவு போட்டாள். போனில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயரையும் பழைய இடத்துக்கே திருப்பினாள். பேட்டரியையும் மாற்றிப் போட்டாள். அப்பா வேலையிலிருந்து வந்தபோது பிரேக் மிதித்தால் விளக்கு, ஹாரன் அழுத்தினால் ஹாரன் என்று வண்டி மரியாதைக்குத் திரும்பியிருந்தது. மூன்றாவது விளக்கு மட்டும் காரில் இல்லை. சாப்பாட்டு மேஜை மேல், ஒரு ஸ்கூட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தது.

அவள் இரண்டு ஒயரையும் பேட்டரியில் வைத்தாள். எரியவில்லை. மாற்றி வைத்தாள். எரியவில்லை.

கோதண்டராமன் தானே வாங்கி வைத்துப் பார்த்தார். நான்கு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பாஸ் பண்ணது" என்றார்.

"போனாப் போவுதுப்பா. வேற லைட்டு ஒரு மணி நேரத்துல மாட்டிடலாம்."

"வேணாம். நல்லத மாட்டிகினு உள்ள போனா, செத்தத மறச்சிட்டுப் போன மாதிரி. இதையே மாட்டு."

மறுநாள் காலை தோசையை வெளிச்சத்தில் பிடிக்காமலே சாப்பிட்டார். செங்கமலம் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். அடுத்ததை அவளே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தட்டில் போட்டாள்.

அன்று அவர்கள் ஷிப்ட் மாறும் நேரத்துக்குப் போனார்கள். மெழுகு போட்டுத் துடைத்த ஹெரால்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் அரக்குப் பட்டுப்புடவையில் செங்கமலம், பின்சீட்டில் கவிப்பிரியா. காவலாளி பின்னால் போய் நின்று மிதிக்கச் சொன்னார். இரண்டு எரிந்தன. மூன்றாவது எரியவில்லை.

ஜனார்தன் ஓடி வந்தார். லைனிலிருந்து ஒரு புது விளக்கைத் தானே எடுத்து வந்து பத்து நிமிடத்தில் மாட்டித் தருவதாகச் சொன்னார். கோதண்டராமன் தலையாட்டி மறுத்தார். அப்படியானால் வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து வரும்படி கெஞ்சினார் ஜனார்தன்.

செங்கமலம் கதவைத் திறக்கவில்லை. "பன்னெண்டு வருசம் என் புருசன் இதுங்கூடதான் சார் ஞாயித்துக்கெழம கொண்டாடினாரு. இது போவாத எடத்துக்கு நான் மட்டும் எறங்கிப் போவ மாட்டேன்."

விதியை மாற்ற ஜனார்தனுக்கு மனமில்லை. கோதண்டராமனே மாற்ற விடமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். உள்ளே போய் மேலாளரிடம் பேசினார். கால் மணி நேரம் கழித்து வாசல் முழுவதுமாகத் திறந்தது. கார் உள்ளே போகவில்லை. ஷிப்ட் வெளியே வந்தது. போகிற ஷிப்ட், வருகிற ஷிப்ட் இரண்டும் நீலச் சட்டையில் ரோட்டோரம் இரண்டு வரிசையாக நின்றன. அந்தத் தொழிற்சாலையில் வேறு யாருக்கும் இரண்டு ஷிப்ட் சேர்ந்து நின்றதில்லை. கன்டெய்னர் லாரிகள் வேகம் குறைத்துப் பார்த்துக்கொண்டு போயின. மேலாளர் மாலை போட்டார். ஒரு பலகையை நீட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு பழுதும் இல்லை என்று அதில் பொறித்திருந்தது.

கோதண்டராமன் பலகையை வாங்கவில்லை. பின்சீட்டுப் பக்கம் கை விட்டு விளக்கைக் கழற்றி எடுத்தார்.

"இது எரியல" என்றார். "கடையில வாங்கினேன். என் கையெழுத்து கீது. ஒரு வாரமா வண்டியத் திட்டுனேன், ஒயரத் திட்டுனேன். கையெழுத்தத் திட்ட மனசு வரல. ஒரு பழுது போயிருக்கு. அந்தப் பலகைய மாத்தி எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன்."

யாரும் கைதட்டவில்லை. செங்கமலம் காரை விட்டு இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அதுவரை எதற்கும் இறங்காதவள்.

டீத் தட்டோடு வரிசைக்குள் வந்துகொண்டிருந்த மீனம்மாள் நின்றாள். தட்டை ஹெரால்டின் மூக்கு மேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அவர் கையிலிருந்து வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"கொம்பு கோணலா கீது பாருங்க சார், இது உங்குளுது இல்ல, நான் போட்டது, எல்லப்பன் கடைக்கு வாரம் ரெண்டு அட்டை ஸ்டிக்கரு வூட்லேர்ந்து எழுதிக் குடுக்கறேன், கோ இல்லாத லைட்ட இந்த ரோட்ல எவனும் கையால தொடமாட்டேங்கறானாம்."