மோடண்ணனின் மூன்று சுவிட்சுகள்

மனிதகுலத்தை மூன்றே சுவிட்சுகளில் அடக்கிவிடலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் ரப்பர் எஸ்டேட் டிரைவர் மோடண்ணன். மஸ்கட் மணலில் பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

மலைமேலிருந்து ரப்பர் பாலிறக்க முதலாளி ஓர் ஆறு சக்கர வண்டி வாங்கியிருந்தார். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. அதில் மூன்று மோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். முதலாவதில் பின்சக்கரங்கள் அதனதன் போக்கில் சுற்றும். திருப்பினால் புல்லுக்குக்கூட நோகாது. இரண்டாவதில் நான்கும் பூட்டிக்கொண்டு தள்ளும். மூன்றாவதில், பின்னது வழுக்கினால் முன்னிரண்டும் சேர்ந்து இழுக்கும்.

அவர் கணக்கில் எங்கள் போதகர் முதல் மோடு. மானேஜர் இரண்டாவது, தள்ளுவார், திரும்பமாட்டார். தன் மனைவி மூன்றாவது, அதுவும் சதாகாலமும். ஆபீஸ் கிளார்க்கான நான் எதில் என்று ஆசையாகக் கேட்டேன். "ஒனக்கு இன்னும் கியரே விழல்ல மக்கா" என்றார்.

சக்கரம் சுழலும்போது மோடு மாற்றினால் உள்ளே பல் உடையும். நின்றபிறகே சுவிட்சைத் தொட வேண்டும். இந்த விதியை வீட்டிலும் கடைப்பிடித்தார். மனைவி ஏதாவது கேட்டால் அரை நிமிஷம் சிலையாகிவிட்டுத்தான் பதில். "இவரு மோடு மாத்தி முடியதுக்குள்ள மீன்காரி கருங்கல் சந்தையத் தாண்டிருவா" என்பார் அந்த அக்கா.

அந்த மழைக்காலத்தில் வண்டி இரண்டு முறை சேற்றில் புதைந்து, டிராக்டர் வந்து இழுத்தது. மூன்றாம் முறை டிராக்டர் வந்தால் வண்டியை விற்றுவிடுவதாகவும், மோடண்ணன் ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து தபால்தலை ஒட்ட வேண்டியதுதான் என்றும் மானேஜர் சொல்லிவிட்டார். அன்று முழுக்க மோடண்ணன் எந்த மோடிலும் இல்லை.

அடுத்த ஞாயிறு மலைச் சபையில் அசனம், ஊர் மொத்தமும் கூடி உண்ணும் விருந்து. மேலே தண்ணீர் இல்லாததால் சமையல் அடிவாரத்தில். சோறும் ஆட்டிறைச்சியும் வண்டியில் ஏறின; இறைச்சி அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி நானும். விடியலிலிருந்து பெய்த மழையில் செம்மண் வெண்ணெயாகியிருந்தது. மூன்றாவது மோடைப் போடச் சொன்னேன். "முன்சக்கரம் என்ன நம்ம வீட்டு வேலக்காரனா, நெனச்சப்பல்லாம் கூப்பிட?" என்று இரண்டாவதிலேயே ஏற்றினார்.

பாதி ஏற்றத்தில் நான்கும் நின்ற இடத்திலேயே சுழன்றன. பின்னால் குடையோடு நடந்துவந்த மானேஜரின் வெள்ளைச் சட்டை எஸ்டேட் மண்ணின் நிறத்துக்கு மாறியது. "சவுட்டுங்கண்ணே, சவுட்டுங்க" என்று கூடவே நடந்துவந்த சபையே ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னது. மானேஜர் டிராக்டர்காரனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்துவிட்டார்.

மோடண்ணன் காலை எடுத்துவிட்டார்.

வண்டி ஒரு முழம் பின்னால் வழுக்கி, பிரேக்கில் நின்றது. அண்டா என் நெஞ்சில் சாய்ந்தது. "யாரும் அனங்காதீங்க. தப்பு எம்மேலதான், மோடு மாத்துதேன்" என்றார். அவர் தப்பை ஒப்புக்கொண்டு அன்றுதான் கேட்டேன். அந்த அரை நிமிஷத்தில் ரப்பர் இலைகளிலிருந்து மழை சொட்டுவது ஒவ்வொன்றாகக் கேட்டது. சுவிட்சை அழுத்தினார். உறங்கும் பிள்ளையின் தொட்டிலை ஆட்டுவதுபோல ஆக்சிலேட்டரைத் தொட்டார். பின்னது வழுக்கியது, முன்னிரண்டும் மண்ணைக் கவ்வின. எறும்பு அரிசியைக் கொண்டுபோவதுபோல ஏறினோம். என் சட்டை குடித்தது போக மீதிக் குழம்பு பந்திக்குச் சேர்ந்தது.

மானேஜர் போனைப் பையில் போட்டார். பந்தியில் பரிமாறுகிறவரிடம், யாரையும் பார்க்காமல், "வண்டிய விக்கண்டாம், எஸ்டேட்லயே கெடக்கட்டும். மோடண்ணனுக்கு ரெண்டு கரண்டி எறச்சி விளம்பு" என்றார்.

மோடண்ணன் இது தான் ஏற்கெனவே அறிந்த விஷயம்போல எலும்பைக் கடித்தார். மஸ்கட்டில் இதைவிடப் பெரிய ஏற்றம் உண்டு என்று எதிர்வரிசைக்கு விளக்கவும் ஆரம்பித்தார். பெஞ்சில் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது: மேசைக்குக் கீழே அவருடைய வலது முழங்கால் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நான் இடக்கையை அதன்மேல் வைத்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. நடுக்கம் அடங்கும்வரை, ஒரு கையாலேயே இறைச்சியைப் பிய்த்துச் சாப்பிட்டேன்.