அபுந்தியோவுக்குத் தரவேண்டிய வான்கோழிகள்

மதிப்பிற்குரிய மச்சான் ஃபிடென்சியோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை எஃப்ராசியாவின் கணவன் எர்மிலோ பணிவோடு எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும், உங்கள் தங்கையும், மகன் நசாரியோவும் நலம். லாஸ் ஏஞ்சலிஸில் உங்கள் ஓட்டல் வேலையும் இடுப்பும் எப்படி இருக்கின்றன? போனில் பேசினால் தங்கை காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நிற்க. என் கல்யாணத்துக்கு நம் ஊர் அபுந்தியோ பாண்டு வாத்தியத்தோடு இரண்டு வான்கோழி கொண்டுவந்து, வாசலிலேயே எடைபோட்டு, "ஒவ்வொண்ணும் ஒன்பது கிலோ!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாரே, நினைவிருக்கிறதா? தராசைப் பிடித்ததே நீங்கள்தான். இத்தனை வருஷம் அந்த வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது அவர் மகள் டெல்ஃபினாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை பல் டாக்டர். நம் ஊர் முறைப்படி அதே எடையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். குறைந்தால் ஊர் சிரிக்கும். சிரிச்சாக்கூடப் பரவாயில்ல மச்சான், நாளைக்கு நம்ம நசாரியோ கல்யாணத்துக்கு ஒருத்தனும் ஒரு முட்டைகூடக் கொண்டுவரமாட்டான்.

நான் சும்மா இருக்கல. ரெண்டு குஞ்சு வாங்கி மக்காச்சோளமாப் போட்டு வளர்த்தேன். திருவிழா வெடிச்சத்தத்துல ஒண்ணு சுவர் தாண்டி ஓடிப்போச்சு, யார் வீட்டுக் குழம்புல கொதிச்சதோ! இன்னொண்ணுக்கு உங்க தங்கச்சி ரெய்னான்னு பேர் வெச்சுட்டா. அது அவ பின்னாடியே பூசைக்குப் போகுது, சாமியார் அதுக்கும் ஆசீர்வாதம் பண்றாரு. "அதுமேல கத்தி வெச்சீங்க, நான் எங்கண்ணன்கிட்டயே போயிடுவேன்"ங்கிறா. ஜாக்கிரதையா இருங்க.

நேத்து அபுந்தியோ நம்ம கடைக்குச் சவரத்துக்கு வந்தாரு.

"என்னப்பா எர்மிலோ, கோழிங்க நல்லா சாப்பிடுதா?"

"சாப்பிடுதுங்க."

"ஒன்பது கிலோ. ஞாபகம் இருக்கில்ல?"

கத்தி என் கையில, அவர் கழுத்துல. ஆனா நடுங்கினது நான்தான்!

சரி, கடன் வாங்கலாம்னு வட்டிக்கார தொமாசா அம்மாகிட்டப் போனேன். மாசம் நூத்துக்குப் பத்தாம், என் சவர நாற்காலியை அடகு வைக்கணுமாம். "நாற்காலி போனா ஆளுங்களை நிக்கவெச்சா சிரைக்கிறது?"ன்னேன். "ஏன், கழுதைக்கு முடி வெட்டும்போது உக்காரவெச்சா வெட்டறாங்க?"ங்கிறா அந்தப் புண்ணியவதி.

நசாரியோதான், "வேணாம்பா, கடன் வாங்காதீங்க. கல்யாணம்னா ஆயிரம் நடக்கும், நின்னுகூடப் போகலாம்" என்றான். "வாயைக் கழுவுடா!"ன்னு கத்திட்டேன், பாவம். தங்கமான பிள்ளை மச்சான். என் கடனுக்காக அபுந்தியோ மனசு குளிரட்டும்னு, டெல்ஃபினாவைத் தினமும் தையக்காரி வீட்டுக்குத் தன் ஆட்டோவுல காசு வாங்காமக் கூட்டிட்டுப் போறான்.

பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவதா, மானத்தை விடுவதா என்று தெரியாமல் தூக்கம் போய்விட்டது. எடை போட்டவர் நீங்கள், முடிவையும் நீங்களே சொல்லுங்கள். முடிவோடு நாலு காசும் அனுப்பினால் மறுக்கமாட்டேன். மாதா உங்கள் இடுப்பைக் காப்பாராக.

பணிவுடன்,
எர்மிலோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அபுந்தியோ வந்து கத்தினார்: "எர்மிலோ! உன் பையன் என் பொண்ணை ஆட்டோவுல ஏத்திட்டு ஓடிட்டான்!" ரெண்டு பேரும் உங்க அக்கா வீட்டுல பத்திரமா இருக்காங்களாம். தையக்காரி டெல்ஃபினாவைப் பாத்ததே இல்லையாம்! உங்க தங்கச்சி அழுதுக்கிட்டே சிரிக்கிறா. எனக்கும் சந்தோஷந்தான், பொண்ணு லட்சணமா இருக்கா. அபுந்தியோவும் கத்தி ஓய்ந்து உக்காந்து, "சம்பந்தி ஆயிட்டோம், அந்த ரெண்டு வான்கோழியை மறந்துடு"ன்னாரு. காலில் விழப் போனேன். "ஆனா பொண்ணைக் கூட்டிட்டு ஓடினதுக்கு முறைப்படி மன்னிப்புக் கேக்க வரும்போது பத்தாக் கொண்டு வா. ஒவ்வொண்ணும் ஒன்பது கிலோ" என்றார். கடன் வாங்கலாமான்னு கேட்டேனே, அதை அடிச்சுடுங்க. நாற்காலியைத் தூக்கிக்கிட்டுத் தொமாசா வீட்டுக்குத்தான் போறேன். நீங்க உடனே புறப்பட்டு வாங்க. இந்தத் தடவையும் தராசு உங்க கையிலதான். சுண்டுவிரலால லேசா ஒரு அழுத்து போதும்.