பெற்றோருக்குப் பரீட்சை

செம்பாக்கம்
15.3.1992

அன்புள்ள தபீதாள் அக்காவுக்கு, தங்கை ஞானஜோதி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி இந்தக் கடிதம் வருவதற்குள் குறைந்திருக்க ஜெபிக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும், ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்படும் முன்பே, என் நர்சரியின் மூன்று குட்டி நாற்காலிகளைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றுக்கும் கால் ஒடிந்துவிட்டது. உட்கார்ந்து ஒடித்தவர்கள் குழந்தைகள் அல்ல, அவர்களின் அப்பாக்கள். இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது, "புள்ளைங்களை மட்டும் கூப்பிட்டு வச்சுப் பாடம் சொல்லாதே ஞானம், அவங்க வீட்டையும் தெருவையும் உள்ளே கூப்பிடு" என்று சொன்னது நீங்கள்தானே? நானும் இருபத்திரண்டு குழந்தைகளிடமும் ஆளுக்கொரு தாள் கொடுத்தனுப்பினேன். 'சனிக்கிழமை பெற்றோர் ஒரு மணி நேரம் வகுப்பில் பங்கேற்க வேண்டும்.' அவ்வளவுதான் எழுதினேன். ஆனால் இந்தப் பக்கத்தில் எல்.கே.ஜி.யில் இடம் வேண்டுமென்றால் தாய் தகப்பனை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிற வழக்கம் வந்துவிட்டதல்லவா? யு.கே.ஜி.க்கு அனுப்புவதற்குப் பெற்றோருக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. எனக்கு மட்டும் தெரியாது.

பாங்க்கில் வேலை பார்க்கும் லக்ஷ்மிநாராயணன் வாரம் முழுக்க மின்சார ரயிலில் மகனின் படப் புத்தகத்தை மனப்பாடம் செய்தாராம். நேற்று வந்ததும் பிள்ளைகளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அப்பாக்கள் எல்லோரும் பேனாவும் கையுமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். "மிஸ், தப்பா எழுதினா மார்க் குறைப்பீங்களா?" என்றார் அவர். நான் ஜன்னலோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்து ஆப்பிள் என்ன நிறம் என்று கேட்டால், அப்பாக்கள் கை தூக்குகிறார்கள். "காஷ்மீர் ஆப்பிளா, சிம்லா ஆப்பிளா மிஸ்?" பின்னாலிருந்து லக்ஷ்மிநாராயணனின் மனைவி காந்திமதி, "சொல்லித் தர மாட்டேங்கறாரு மிஸ், கையை வச்சு மறைச்சுக்கறாரு!" என்று புகார் சொல்கிறாள். அப்போதுதான் முதல் நாற்காலி ஒடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்தடுத்து மற்ற இரண்டும்.

இந்த அமளியில்தான் அம்சா வரவில்லை என்பதைக் கவனித்தேன். அவள் அம்மா தனம் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாள். நேரே அங்கே போனேன். குழந்தை வண்டிக்கடியில் உட்கார்ந்திருந்தது.

"அவ இனிமே வர மாட்டா மிஸ். எனக்கு எயுதப் படிக்கத் தெரியாது. நான் பெயிலாப்பூட்டா எம் பொண்ண எல்.கே.ஜி.லயே குந்த வெச்சிடுவீங்களாமே? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

அக்கா, அந்தத் தாளை எவ்வளவு பெருமையாக எழுதினேன்! அதை அவளுக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? "பரீட்சையும் இல்லை, ஒன்றும் இல்லை. துணி மூட்டையோடு வா, உன் வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டு" என்று தாயையும் மகளையும் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

வகுப்பின் நடுவில் தனம் மூட்டையை அவிழ்த்தாள். நாற்பது வீட்டுத் துணி, எது எந்த வீட்டுடையது என்று ஒன்றில்கூடக் குறி கிடையாது. "கண்ணுங்களா, வூடு வூடா பிரிங்க பாப்போம்" என்றாள். பெரியது சின்னது, கோடு போட்டது கட்டம் போட்டது என்று பிள்ளைகள் பிரித்தார்கள். நான் ஆறு மாதமாக அட்டைப்படம் காட்டியும் வராத பாடம் அது. அப்பாக்களும் பாய்ந்து வந்து ஆளுக்கொரு சட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

"சார், அத்த வெய்யி. அது எதுர் வூட்டு சட்ட. உன்னுது மூணாவது பட்டன் மாத்துனது" என்று ஒரு அப்பாவை அதட்டினாள் தனம்.

அதற்குள் லக்ஷ்மிநாராயணனின் மகன் ஒரு பைஜாமாவைத் தலைக்கு மேல் தூக்கிக்காட்டி, "இது எங்கப்பாது! பின்னாடி ஒட்டுப் போட்டிருக்கு!" என்று கத்தினான். "அது பழசு மிஸ்" என்றார் அவர். காந்திமதி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்சா அம்மாவின் மடியை விட்டு இறங்காமல், எல்லோரையும் ராணி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிற்க. இனி எந்தப் பெற்றோரும் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். உங்கள் யோசனைகளைத் தயவுசெய்து பாளையங்கோட்டையிலேயே வைத்துக்கொள்ளவும். அத்தானுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்
ஞானஜோதி

பி.கு.: கோயிலுக்குப் போய் வந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். சபை ஐயர் பிரசங்கம் செய்தது எதுவும் காதில் விழவில்லை. மேலே 'நிற்க' என்று தொடங்கிப் பெற்றோரைப் பற்றி எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஜூன் முதல் சனிக்கிழமை தோறும் ஒரு வீட்டார் வந்து வகுப்பு எடுக்கட்டும். மற்ற நாட்களில் எனக்குத் துணை ஆசிரியையாகத் தனத்தைச் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். இங்கே ஒருவருக்கும் தெரியாது. தனத்துக்கே தெரியாது.