விலை கேட்டுக் குறை சொல்லும் குழல் பண்டிதர்

துப்பாக்கிக் குழல் பண்டிதர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. மான் வேட்டைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் பென்சில்வேனியா மலையூர்களில் இவர் நடமாட்டம் அதிகம். யாராவது புதுத் துப்பாக்கியோடு சுடும் மைதானத்துக்கு வந்தால் போதும், கேட்காமலே கையில் வாங்கி, குழலின் பின்வாயை மூடும் பூட்டைக் கழற்றி, குழலை ஆகாயத்துக்குப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்து, சாவு வீட்டுக்கு வந்தவர்போலப் பெருமூச்சு விட்டு, என்ன விலை என்பார். விலை தெரிந்த பிறகுதான் குறை தெரியும்.

எங்கள் ஊர்ப் பண்டிதர் லேமன் கிராட்ஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். போன நவம்பரில் அவரிடம் மாட்டியவள் ஆர்லீன் ஷூப்; என்னோடு துப்பாக்கிக் குழல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். கணவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் மான் இறைச்சிதான் என்பதால், இந்த முறை காட்டுக்குப் போக வேண்டியவள் அவள். முந்நூற்றைம்பது டாலருக்கு ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தாள்.

கிராட்ஸ் பார்த்தார். துளை போட்ட எஃகுக் கம்பிக்குள் கெட்டி உலோகக் குமிழ் ஒன்றை இழுத்து, குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுருள் பள்ளங்களை ஒரே நிமிஷத்தில் அழுத்திவிடுகிறார்களாம். நல்ல குழல் என்றால் ஒவ்வொரு பள்ளமாக மணிக்கணக்கில் செதுக்க வேண்டுமாம். இதில் சுட்டால் மான் நின்று வேடிக்கை பார்க்குமாம்.

"இத நம்பிக் காட்டுக்குப் போகாதம்மா. என்னோடத எடுத்துக்கிட்டுப் போ."

ஆர்லீன் துப்பாக்கியை உறையில் போட்டாள். யார்? பதினோரு வருஷமாக அந்தக் குமிழ் இழுக்கும் இயந்திரத்தில் நிற்பவள்! கோணல் குழல் ஒன்றைக்கூட வெளியே விடாதவள். எதிரில் ஒருவர் உறுதியான குரலில் பேசிவிட்டால் நம் கைமேலேயே நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, இல்லையா?

வண்டிவரை போனவள் திரும்பி வந்தாள். படுத்து, நூறு கஜ தூரத்து இலக்கில் மூன்று முறை சுட்டாள். மூன்று துளைகளையும் ஒரு நாணயத்தால் மூடலாம்.

"இந்தக் குழலுக்குப் பள்ளம் போட்டது எங்க மெஷின்லதான், லேமன். இழுத்தது நான். இப்ப சொல்லுங்க, எங்க தப்பு?"

இந்த இனத்துக்குத் தடுமாற்றம் கிடையாது. "இன்னிக்குக் காத்து இல்ல, அதான்" என்றார் கிராட்ஸ்.

வேட்டை தொடங்கிய முதல் நாளே ஆர்லீனுக்கு மான் விழுந்தது. சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் கிராட்ஸ், அந்தத் துப்பாக்கியை அவளுக்குப் பார்த்து எடுத்துக் கொடுத்ததே தாம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மேஜையில் அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் பள்ளம் அழுத்துகிற விவரத்தைப் படித்தபோது, துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத உங்கள் மனசுக்குள் 'ஒரே நிமிஷத்தில் போட்டது எப்படி நன்றாக இருக்கும்' என்று ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?