என் போன் பிடித்துக்கொடுத்த திருடன்

என் செல்போனில் இதுவரை ஒரே ஒரு திருடன்தான் மாட்டியிருக்கிறான். வழவழவென்று மொட்டைத்தலை, அதில் வழியும் சந்தனம், பிளந்த வாய். அவன் படம் இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அது நான்தான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை செய்யும் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் போனைப் பறிகொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன் போனால் போகட்டும், வேறு வாங்கலாம். உள்ளே என் தங்கச்சி மகள் யாழினி இருந்தாள். பிறந்த அன்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது முதல் எழுந்து நின்று நடந்தது வரை அவளுடைய எல்லாப் படமும் என்னிடம்தான். அவள் அப்பா செந்தில் அப்போது ரிக் வண்டியோடு வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அனுப்பி வைக்கச் சொன்னார்கள். வழியில் எவனாவது எடுத்துவிடுவான் என்று மறுத்துவிட்டேன். இன்னொரு பிரதி எடுத்து இன்டர்நெட்டில் வைக்கவும் விடவில்லை. (நம் குழந்தையை ஊரான் கம்ப்யூட்டரில் வைப்பதா?)

"வந்து பாத்துக்கறேன் மச்சான், பத்திரமா வெச்சிருங்க" என்றார் செந்தில். பாவம், நல்ல மனிதர்.

பத்திரம் என்றால் அப்படியொரு பத்திரம். என் முகத்தைக் காட்டினால்தான் போன் திறக்கும். இல்லாவிட்டால் ஒரு நீளமான நம்பர் போட வேண்டும். அதையும் வாராவாரம் மாற்றினேன். (அந்த வாரத்து நம்பர் எனக்கே சரியாகத் தெரியாது.) தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் போன் திருடனைப் படம் பிடித்து என் மனைவி கோமதிக்கு அனுப்பும். அவள் ஒரு பொத்தானைத் தொட்டால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துவிடும்.

கோமதியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். "படம் வந்துச்சுன்னா யோசிக்காத, அழிச்சிரு. திருடன் கையில கொழந்த படம் சிக்கக் கூடாது. என் கொரல்லயே பேசுவான், நம்பிடாத. இப்பெல்லாம் கம்ப்யூட்டர்லயே கொரல் பண்றாங்க."

"நெசமாவே நீங்களா இருந்தா என்னுங்க பண்றது?"

"ஒரு ரகசியக் கேள்வி வெச்சுக்க."

யோசித்தாள். "நம்ம முகூர்த்தத்துக்கு நான் கட்டியிருந்த சேலை என்ன கலருன்னு கேப்பேன்."

பிரமாதம் என்று பாராட்டினேன். திருடனுக்குத் தெரியாது என்கிற சந்தோஷத்தில், எனக்குத் தெரியுமா என்று யோசிக்கவில்லை.

யாழினிக்குக் காதுகுத்து. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். செந்திலும் வந்து சேர்ந்திருந்தார். காது குத்தி முடித்ததும் என் போனில் யாழினி படங்களை அவர் பார்ப்பதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமனுக்கு யாருக்கும் சொல்லாத ஒரு வேண்டுதல் இருந்தது. பிரசவத்தில் தங்கச்சி பட்ட பாட்டைப் பார்த்து, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால் தாடி மீசையோடு முடி இறக்குவதாக வேண்டியிருந்தேன். குளித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஆற்றங்கரைக்கு நழுவினேன். காலேஜ் காலத்துத் தாடி அது. கோமதி என் முகவாயைப் பார்த்ததே கிடையாது.

மொட்டை போட்டு, காவிரியில் முங்கி, சந்தனமும் பூசியாயிற்று. ஒரு செல்ஃபி எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். முகம் பொருந்தவில்லை என்றது. நம்பர் போட்டேன். தப்பு. போன வாரத்து நம்பரைப் போட்டேன். அதுவும் தப்பு. வாயைப் பிளந்தபடி இன்னொன்றைப் போட்டபோது போன் 'க்ளிக்' என்றது.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு மொட்டை அடித்தவரின் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கோமதிக்கு அடித்தேன்.

"கோமதி, நாந்தான்!"

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாருங்க." (திருடனுக்கும் மரியாதை. எங்கள் பக்கத்துப் பழக்கம்.)

"அந்தப் படத்துல இருக்கறது நாந்தான்! மொட்டை போட்டிருக்கேன்!"

"அவருக்குத் தாடி இருக்குதுங்க. சரி, என் முகூர்த்தச் சேலை என்ன கலரு?"

கண்ணை மூடி மணவறையை நினைத்துப் பார்த்தேன். புகைதான் தெரிந்தது. "அரக்கு!" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டது. என் போன் ஒரு முறை இருண்டது. பிறகு, முன்னே பின்னே என்னைப் பார்த்தே இராததுபோல, வணக்கம் சொல்லி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

படித்துறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாழினியின் கொட்டாவி, முதல் நடை, ஒன்றும் இல்லை. செந்தில் முகத்தில் எப்படி விழிப்பது?

விழிக்கத் தேவையே இருக்கவில்லை. அவரே இரண்டு பங்காளிகளோடு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். "போனக் குடுடா!"

"மச்சான், நாந்தானுங்க!"

கோமதி தன் போனுக்கு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிடி விடவில்லை. பின்னாலேயே கோமதி மூச்சிரைக்க வந்தாள். "விடுங்க, விடுங்க! அவரேதான்! அழிச்சதுக்கு அப்புறந்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. மாம்பழக் கலரைப் போயி இத்தனை தைரியமா அரக்குன்னு சொல்ல எங்கூட்டுக்காரர விட்டா ஆளே இல்லீங்க!"

செந்தில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன். "ஒரு படங்கூட மிச்சமில்ல மச்சான். எல்லாம் போச்சு."

செந்தில் கோமதியைப் பார்த்தார். கோமதி ஆற்றைப் பார்த்தாள். அப்புறம் செந்தில் தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்துக் காட்டினார். கொட்டாவி இருந்தது. முதல் நடை இருந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம் இருந்தது.

"அக்கா அப்பப்ப அனுப்பிருவாங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்லலீங்க."

"நீ எப்படித் தொறந்த?" என்றேன் கோமதியிடம்.

"ஞாயித்துக்கெழம கறிச்சோறு தின்னுட்டுத் தூங்குவீங்கல்ல? மூஞ்சிக்கு நேராக் காட்டுனாத் தொறந்துக்கும்."

திருட்டுப் போயிருந்ததால்தான் படமெல்லாம் தப்பித்தது. எனக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே நன்றியாகிவிட்டது. காதுகுத்தும் நடந்தது. மொட்டைத்தலை மாமனை யாழினிக்கும் அடையாளம் தெரியாமல், ஊசி படுவதற்கு முன்பே ஊரைக் கூட்டினாள்.

இப்போதும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் இலை போடும் முன் யாராவது என்னிடம் சேலை என்ன கலர் என்று கேட்பார்கள். "மாம்பழக் கலர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். போன பொங்கலுக்குச் செந்தில் வீட்டிலிருந்து எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். கோமதி பளிச்சென்று ஒரு மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் வந்து நின்றாள்.

"நெம்ப நல்லாருக்கே! புதுசா? எப்ப எடுத்த?" என்றேன்.

கோமதி என் தங்கச்சியைப் பார்த்தாள். தங்கச்சிதான் சொன்னாள். "சந்தேகமே இல்ல அண்ணி. எங்கண்ணனேதான்."